சண்டியரை விரட்டி விருமாண்டியை வாங்கினோம்

தாமதமான, இடையில் நின்றுபோன தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது ‘மருதநாயகம்’. 1997 அக்டோபர் 16 அன்று எலிசபெத் ராணி நேரில் வந்திருந்து தொடங்கிவைத்த படம். மருதநாயகம் தூக்கிலிடப்பட்டது 1764 அக்டோபர் 15 என்பதை நினைத்தால், அந்தத் தேதிப் பொருத்தம் மட்டுமே ஒரு சிறுகதைக்குப் போதும். அதைப் பற்றி நண்பர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். பணம் போதாமல் நின்ற படம் அது. பணத்தால் நிற்கும் படங்களில் யோசிக்க அதிகம் இல்லை என்பது என் எண்ணம். அதே கமல்ஹாசனின் இன்னொரு படம் பணத்தால் அன்றி ஒரு சொல்லால் இடறியது. இடறிய இடம் எங்கள் தேனி மாவட்டம். அந்த இடறலைப் பற்றி இருபதாண்டுகளுக்கு மேலாகியும் சரியான வருத்தத்தை நாம் இன்னும் படவில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003-ல் கமல் ‘சண்டியர்’ என்ற பெயரில் ஒரு படத்தைத் தொடங்கினார். தேனி, உசிலம்பட்டிப் பக்கத்து மண்ணின் கதை. படப்பிடிப்பையும் தேனிப் பகுதியிலேயே நடத்துவதாக ஏற்பாடு. புதிய தமிழகம் கட்சியின் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி இந்தத் தலைப்பைக் கடுமையாக எதிர்த்தார். இது வன்முறையைப் போற்றுகிறது, தென்மாவட்டங்களில் சாதிப் பூசலைத் தூண்டும் என்பது அவர் வாதம். கமல் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்து முறையிட்டார். ஆயினும் தேனிப் படப்பிடிப்பு கைவிடப்பட்டது. சென்னையில் ஒரு கிராமத்தையே செட்டாக எழுப்பிப் படத்தை எடுத்தார்கள். ‘சண்டியர்’ போய் ‘விருமாண்டி’ வந்தது. 2004 பொங்கலுக்குப் படம் வெளியாயிற்று.

வெளியான பின் எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. படம் பேசப்பட்டது. தென்கொரியாவின் புச்சோன் திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படமாகவும் தேர்வானது. ஆகவே இன்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டே விதமாகத்தான் சொல்கிறார்கள். ஒரு சாரார், கலைஞனை மிரட்டினார்கள், அவன் பணிந்தும் வென்றான் என்கிறார்கள். இன்னொரு சாரார், ஆதிக்கச் சாதிப் பெருமையைப் பாட வந்த தலைப்பைத் தடுத்து நிறுத்தினோம் என்கிறார்கள். கொத்தாளத் தேவரின் வாக்குமூலமும் விருமாண்டியின் வாக்குமூலமும் போல இரண்டும் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டிலும் இல்லாதது, சண்டை நடந்தது தவறான பொருளின் மீது என்பது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ‘சண்டி’ என்பது தமிழில் பழகிய சொல். நுகத்தில் பூட்டினால் நடக்காமல் படுத்துக்கொள்ளும் மாடு சண்டிமாடு. சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளை செய்வது சண்டித்தனம். அதற்கு மரியாதை விகுதி சேர்த்து, பாதி பயத்திலும் பாதி கேலியிலும் சொல்வது சண்டியர். சின்னமனூரிலிருந்து கம்பம், கூடலூர் வரைக்கும் இந்தச் சொல் எல்லாச் சாதிக்காரர்களின் வாயிலும் புழங்குவது. எல்லாச் சாதிக்காரர்களையும் குறித்துப் புழங்குவது. தோப்புக் குத்தகையில் மிரட்டிக் காசு வாங்குகிறவனும் சண்டியர்தான்; புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் பத்து வயதுப் பையனும் பாட்டியின் வாயில் சண்டியர்தான். எங்கள் ஊரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் சொல்கிறது என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். அதே செப்பேட்டில் இன்னின்ன ஊரில் இன்னின்னாரை வென்றோம் என்ற பட்டியலும் உண்டு. மன்னர்களுக்கு அது மெய்க்கீர்த்தி, ஊரானுக்குச் சண்டியர்த்தனம். அவ்வளவுதான் வித்தியாசம். (இதைச் சொன்னால் எங்கள் ஊர்த் தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.)

ஆக, சண்டியர் என்ற சொல்லுக்குச் சாதி இல்லை. இப்போது அதற்குப் பதிலாக வந்த பெயரைப் பாருங்கள். விருமாண்டி என்பது உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வட்டாரத்துக் குலசாமியின் பெயரை ஒட்டி வைக்கப்படும் பெயர். அந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னால், கேட்பவர் அவரது ஊரையும் வகையறாவையும் ஏறத்தாழச் சொல்லிவிடுவார். மேற்கொண்டு விசாரிக்கத் தேவை இருக்காது. சாதி அடையாளம் கூடாது என்று நடந்த போராட்டம், சாதி அடையாளம் இல்லாத ஒரு சொல்லைத் துரத்திவிட்டு, சாதியை நெற்றியில் எழுதிய ஒரு பெயரைச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை. சென்னையிலிருந்து பார்த்தால் விருமாண்டி ஒரு கிராமத்துப் பெயர், அவ்வளவுதான். இந்த மண்ணை அறிந்த யாரையேனும் இரு தரப்பில் ஒரு தரப்பு கலந்திருந்தால்கூட இந்த வேடிக்கை நடந்திருக்காது.

இதனால் கிருஷ்ணசாமியின் அச்சத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் சேரவில்லை. அன்றைய நிலைமையை நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 1989-ல் போடியில் மூண்ட கலவரத்தை எங்கள் தலைமுறை மறக்காது. 1995-ல் கொடியங்குளத்தில் காவல்துறையே ஒரு தலித் கிராமத்தைச் சூறையாடியது. கிருஷ்ணசாமி தலைவராக உருவானதே அதன் பின்விளைவில்தான். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததற்காகத் தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் மேலவளவில், ஊராட்சித் தலைவராக ஒரு தலித் வென்றார் என்பதற்காக அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய ஒரு பெயருக்காக உயிர்கள் போன நாட்டில், சினிமாச் சுவரொட்டியில் எழுதப்படும் பெயரைக் கண்டு ஒரு தலித் தலைவர் கவலைப்பட்டது மிகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவிரவும் கமலின் கணக்கில் ஏற்கெனவே ஒரு பழைய பாக்கி இருந்தது. 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ முடிவில் அரிவாளைக் கீழே போடச் சொல்லும் படம். அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் முடிந்தபின் ஊர்களில் தங்கியது அந்தப் புத்திமதி அல்ல. அதன் ஒரு பாடல் ஒலிபெருக்கிகளில் ஏறி, திருவிழாவிலும் குருபூஜையிலும் சாதிப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. படைப்பாளி தான் நினைத்தது வேறு என்று சொல்லலாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒலிபெருக்கி யாருடைய தெருவை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது என்று அந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனிப் படத்துக்கு வருவோம். விருமாண்டியை நான் கமலின் ஆகச் சிறந்த படங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். ஒரே நிகழ்ச்சியை ஆயுள் கைதியான கொத்தாளத் தேவர் ஒருவிதமாகவும் தூக்குத் தண்டனைக் கைதியான விருமாண்டி வேறுவிதமாகவும் சொல்லும் அமைப்பை அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ வழி வந்தது என்று எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கதையின் அடியில் ஓடும் தண்ணீர். விருமாண்டியின் நிலத்தில் நீர் இருக்கிறது. கொத்தாளத் தேவரின் கண் அந்த நீரின் மேல். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே பிறந்தவனுக்கும் மேற்கே பிறந்தவனுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். 1895-ல் பெரியாற்று அணை கட்டி முடிந்தபின் எங்கள் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. கணவாயைத் தாண்டினால் மானாவாரி. அங்கே வற்றாத கிணறு ஒன்று ஒருவனிடம் இருந்தால், அவன் சொத்துக்காரன். அதே காரணத்தால் ஆபத்தில் இருப்பவனும்கூட. இந்தக் கணக்கைத் தமிழ் சினிமாவில் இவ்வளவு துல்லியமாகப் போட்ட வேறு படம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. பசுபதியின் கொத்தாளத் தேவர் சாதிப் பெருமை பேசும்போதெல்லாம் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது கிணறுதான் என்று பார்வையாளனுக்குத் தெரிந்துவிடுகிறது. சாதிப் பெருமையை இதைவிட நன்றாக அம்பலப்படுத்த முடியாது. ஆக, தலைப்பை வைத்துப் படத்தை ஊகித்தவர்கள் தவறாகவே ஊகித்திருக்கிறார்கள்.

ஆனால் வேறொன்றும் இருக்கிறது. படத்தில் தேவர்கள் இருக்கிறார்கள், நாயக்கர்கள் இருக்கிறார்கள். மோதல், துரோகம், சமரசம் எல்லாம் அவர்களுக்கிடையில்தான். மையமான கதைமாந்தர்களில் அந்தக் கிராமத்துச் சேரியிலிருந்து வந்தவர் என்று தெளிவாகக் காட்டப்படும் ஒருவரும் எனக்குத் தென்படவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து ஊரில் இது எப்படிச் சாத்தியம்? அதுவும் எந்தக் காலத்தில்? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கென 1996-ல் ஒதுக்கப்பட்டு, அவர்கள் பதவியில் இருக்க முடியாதபடி பத்தாண்டுகள் ஊரே தடுத்து நின்ற காலம் அது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. படம் எடுக்கப்பட்ட 2003-ல் அந்த வட்டாரத்தின் தலையாய பிரச்சினை எது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கிராமத்தையும் சாதியையும் நீதியையும் இவ்வளவு நுட்பமாகப் பேசிய ஒரு திரைக்கதை, அதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டது. மரண தண்டனை குறித்து உலகத்தோடு விவாதிக்கத் தெரிந்த படத்துக்கு, பக்கத்து ஊரில் நாற்காலி காலியாகக் கிடந்தது தெரியவில்லை.

என் வருத்தம் இங்கேதான். கிருஷ்ணசாமி கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘உங்கள் கதையின் ஊரில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?’ என்பது. அது பதில் சொல்லக் கடினமான கேள்வி. கமல் போன்ற ஒருவரைத் திரைக்கதையின் பக்கங்களை மறுபடி புரட்டவைத்திருக்கக்கூடிய கேள்வி. அதற்குப் பதிலாகத் தலைப்பு கேட்கப்பட்டது. தலைப்பைக் கொடுப்பது எளிது. கொடுத்தார். கொடுத்தவருக்குத் தியாகப் பட்டம் கிடைத்தது, பெற்றவருக்கு வெற்றிப் பட்டம் கிடைத்தது. கேட்கப்படாத கேள்வி கேட்கப்படாமலேயே பெட்டிக்குள் போய்விட்டது. கமல் தரப்பிலும் குறை உண்டு. தன் உரிமையைக் காக்கக் கோட்டைக்குப் போகத் தெரிந்தவருக்கு, எதிர்ப்பின் அடியில் இருந்த நியாயமான பயத்தோடு உட்கார்ந்து பேசத் தோன்றியிருந்தால், அந்தப் பேச்சிலிருந்தே ஒரு காட்சியாவது பிறந்திருக்கும்.

படப்பிடிப்பு தேனியை விட்டுப் போனதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் எடுத்தால்தான் ஊர் படத்தில் வரும் என்று நான் வாதிடவில்லை. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா தமிழ்க் கிராமத்தை ஸ்டுடியோவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் என்று புகழப்படுகிறார். அவருடைய ‘16 வயதினிலே’ படமாக்கப்பட்டதோ கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கத்தில். அதில் நடித்த கமலுக்கு அது தெரியாததல்ல. விருமாண்டியின் செட்டும் திறமையாகப் போடப்பட்டதுதான். வசனங்களை நடிக்கும்போதே ஒலிப்பதிவு செய்தார்கள் என்பதால் பேச்சில் ஓர் உயிர் இருந்தது. ஆனால் ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றின் இரைச்சல் அந்தப் பேச்சின் பின்னால் இல்லை. இது ஓர் உள்ளூர்க்காரனின் அற்ப ஆசை என்று விட்டுவிடலாம். பெரிய விஷயம் அதுவல்ல.

படப்பிடிப்பு ஊரில் நடந்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் நிற்கும். எல்லாத் தெருவும் வந்து நிற்கும். சாப்பாடு போடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், கூட்டத்தில் நிற்க நாள் கூலிக்கு வருகிறவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் என்று ஊர் படத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்துவிடும். ‘இந்த ஊர்ல இப்படிப் பேச மாட்டாங்கய்யா’ என்று ஒருவர் சொல்வார். ‘எங்க தெருவ ஏன் காட்டல?’ என்று இன்னொருவர் கேட்பார். தணிக்கைக் குழுவையும் கட்சித் தலைவர்களையும்விட அந்தக் கூட்டம் நல்ல விமர்சகர். தேனியிலிருந்து படத்தைத் துரத்தியதன் மூலம், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே கூட்டத்தையும் சேர்த்துத் துரத்திவிட்டோம். சென்னை செட்டில் துணை நடிகர்கள் நின்றார்கள். அவர்கள் கேள்வி கேட்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் அல்லர்.

இந்த முறை அதோடு நிற்கவில்லை. ஒரு படைப்பை எதிர்ப்பவர்கள், படைப்பாளி, இடையில் ஓர் அதிகாரி அல்லது அமைச்சர், கடைசியில் எதையாவது ஒன்றை வெட்டி எல்லோரும் கலைவது என்பதே நம் ஊர் வழக்கமாகிவிட்டது. 2013-ல் ‘விஸ்வரூபம்’ மாவட்ட ஆட்சியர்களின் தடை உத்தரவுகளால் நின்றது. சில காட்சிகளில் ஒலியை நீக்கச் சம்மதித்த பின் பிப்ரவரி 7 அன்று வெளியாயிற்று. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘சமாதானக் கூட்டம்’ பெருமாள்முருகனை எழுதுவதையே விட்டுவிடச் செய்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்துதான் ‘மாதொருபாகன்’ மீண்டது. மூன்று வழக்குகளும் ஒன்றல்ல. எதிர்த்தவர்களின் சமூக இடமும் ஒன்றல்ல. ஒடுக்கப்பட்டவன் பயத்தில் எதிர்ப்பதையும் ஊர்ப்பெரியவன் கோபத்தில் எதிர்ப்பதையும் ஒரே தராசில் வைக்கும் கருத்துரிமைப் பேச்சு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் முடிவு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. படைப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கடைசிவரை பேசவில்லை.

2014-ல் ‘சண்டியர்’ என்ற பெயரிலேயே வேறொரு படம் வந்தது. எந்தப் போராட்டமும் இல்லை. அந்தச் சொல் நாட்டைக் கொளுத்திவிடவில்லை. பதினோரு ஆண்டுகளில் சொல்லின் பொருள் மாறிவிட்டதா, அல்லது எதிர்ப்புக்குக் கமலின் பெயர்தான் வேண்டியிருந்ததா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

எதிர்ப்பை வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் வர இருபதாண்டுகள் ஆயிற்று. 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல் எதிரே அமர்ந்திருக்க, தேவர் மகன் தன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் படத்தின் இசக்கி மாமன்னன் ஆனால் எப்படியிருக்கும் என்ற எண்ணத்திலிருந்தே தன் படம் பிறந்ததாகவும் சொன்னார். இசக்கியாக நடித்த வடிவேலுவையே மாமன்னனாகவும் நடிக்கவைத்தார். ‘மாமன்னன்’ படமாக எனக்கு முழு நிறைவு தரவில்லை. அதன் பிற்பாதி அவசரமாக எழுதப்பட்டது. ஆனால் அது ஒரு பதில். ‘நாங்கள் எங்கே?’ என்ற கேள்வியைத் திரையிலேயே கேட்ட பதில். கேட்கப்பட்டவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

விருமாண்டிக்கு அப்படியொரு பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தக் கதையில் இடம் கிடைக்காத தெருவிலிருந்து, அதே கிணற்றையும் அதே பஞ்சாயத்தையும் பார்க்கும் மூன்றாவது வாக்குமூலம் அது. எடுக்க வருகிறவர் தலைப்பை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், சண்டியர் என்றேகூட. செட் போட வேண்டியதில்லை. உசிலம்பட்டியில் இறங்கிப் பாப்பாபட்டிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.